சண்டைப் படத்துக்குப் பூசிய வர்ணம்

1938 மார்ச் 6, ஞாயிறு. மலாக்கா.

காலையிலேயே வெயில். டார்க் ரூமுக்குள் மனிதன் வெந்துபோவான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலை.

ஞாயிறு என்றால் தோட்டத்துச் சனம். பத்து பெரண்டாம் எஸ்டேட் பக்கமிருந்து ஒரு புதுத் தம்பதி, இருவரும் ரப்பர்ப் பாலுக்குக் கித்தா மரம் வெட்டுகிறவர்கள். மாப்பிள்ளைக்கு ஸ்டூடியோ கோட்டை மாட்டினேன். கை நீளம். உள்பக்கம் மடித்து ஊசி குத்தினேன். கைக்கடிகாரமும் கடையுடையதுதான், ஓடாது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விடும் நேரம் பார்த்து அந்தப் பெண் எழுந்து கிட்டே வந்து ரகசியமாக:

"அண்ணே, கழுத்துல ரெண்டு வடம் சங்கிலி போட்டு வுடுங்கண்ணே. ஊருக்கு அனுப்பணும்."

போட்டால் போச்சு என்றேன். மலாக்காவில் எத்தனை பெண்களுக்குத் தூரிகையால் தங்கம் போட்டிருக்கிறேன்! என் கோமதிக்குத்தான் ஒரு குந்துமணி வாங்கித் தரவில்லை.

ஊரிலிருந்து தபால் இல்லை. மகள் தையலின் படம் கேட்டு எழுதியது பொங்கலுக்கு முன். மாமியார் பிடிவாதம்: சின்னப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும். படம் பிடித்துச் சோறு தின்கிறவனிடமே இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். சூடாகத்தான் பதில் எழுதினேன். படத்தால் ஆயுசு குறையும் என்றால் மலாக்காவில் பாதிப் பேர் இந்நேரம் சுடுகாட்டில் இருக்க வேண்டும், மூடத்தனத்தை விட்டுப் பிள்ளையை மாயவரம் அழைத்துப் போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று. மாமனாருக்கு இப்படி எழுதலாமா? எழுதியாயிற்று.

ஐந்தாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குக் கப்பல் ஏறியவள் கோமதி. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது பேசவும் பேசுகிறதாம். தையல்நாயகி என்று பெயர் வைத்ததும் கடிதத்தில்தான் தெரியும். திரும்பி வரச் சொன்னால், "கடல் காற்று ஆகாது, இன்னும் கொஞ்சம் வளரட்டும்." பெற்றவன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

நாளைக்கு: பஞ்சு. டர்ப்பன்டைன் தீர்ந்துவிட்டது. ஆணியில் கிழிந்த சட்டை.

மார்ச் 8, செவ்வாய்

வெயில் குறைந்தபாடில்லை. மலாக்கா ஆறு நாறுகிறது.

தவுக்கேவுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்சல். (இனி த. என்றே எழுதுவேன். முதலாளிக்காக இவ்வளவு மை செலவு செய்ய முடியாது.) பிரித்தால் எல்லாம் சீனாவில் நடக்கிற சண்டைப் படங்கள். ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர்கள். இவருடைய சீனச் சங்கத்தார் அகதிகளுக்குப் பணம் திரட்டுகிறார்கள். நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கி ஜன்னலில் வைத்து, கீழே உண்டியல் வைக்கப் போகிறார்.

மேசையில் பரப்பினோம்.

எரிகிற கிடங்கு.
ரயில் கூரைமேல் சனம், மூட்டை, ஒரு கோழிக்கூண்டு.
மதில்மேல் சிப்பாய்கள். சின்னப் பையன்கள்.
பாதிப் பாலம்.
ஆற்றங்கரையில் ஒரு தாயும் பிள்ளையும்.

கடைசிப் படத்தில் நின்றுவிட்டேன். கவிழ்த்துப் போட்ட மரத்தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிள்ளை தூங்குகிறது. தலை இவள் முழங்கையில், வாய் சற்றே திறந்து. ஒரு கையால் பிள்ளையின் பாதத்தைப் பொத்திப் பிடித்திருக்கிறாள். பின்னால் ஊர் எரிகிற புகை. ஆனால் காலை வெளிச்சம் இடப்பக்கமிருந்து அந்தப் புகைக்குள் வந்து விழுவதைப் பார்த்தால் மார்கழிப் பனி என்றே சொல்லலாம். தண்ணீரில் இரண்டு படகு.

எடுத்தவன் யாரோ, கைகாரன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படம் எதிலும் இப்படி ஒரு வெளிச்சம் விழுந்ததில்லை. ஊரை எரித்துத்தானா இந்த அழகு வர வேண்டும் என்றும் தோன்றியது. தோன்றியும் கண்ணை எடுக்க முடியவில்லை.

த.வும் அதையே தொட்டார். "இதுதான், கதிர். இதைப் பெரிசா போடு. கலர் அடி. கறுப்பு வெள்ளையா வெச்சா யாரும் நிக்க மாட்டான் லா."

மார்ச் 9, புதன்

பெரிதாக்கிவிட்டேன். மருந்துத் தட்டில் முதலில் படத்துப் புகை தெரிந்தது. பிறகு அவள் தலைமுடி, தொட்டி, பாதத்தைப் பிடித்த கை. பிள்ளை முகம் கடைசியில். பார்த்துக்கொண்டே நின்றதில் எடுக்க மறந்து, முதல் காகிதம் கறுத்துப் போயிற்று. இரண்டாவது சரியாக வந்தது. த. காகிதக் கணக்குப் பார்க்காத ஆள், பிழைத்தேன்.

மத்தியானம் பாக்கியம் அக்கா மெஸ். கருவாட்டுக் குழம்பு, புடலங்காய். படத்தைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அக்காவிடம் சொன்னேன். கரண்டியோடு நின்று கேட்டது.

"ஊரு பத்தி எரியுதுங்கிற. அதுல ஒனக்கு அழகு தெரியுதாக்கும்?"

"அந்தப் புள்ள தூங்குறத நீங்க பாக்கணும்க்கா. அம்மா மடி இருந்தாப் போதும், குண்டு விழுந்தா என்னான்னு தூங்குது."

"ஒனக்கு ஒம் புள்ள நெனப்பு வந்துருச்சு. அதான் விசயம். சாப்புடு, ஆறிப்போவுது."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து கோமதி படத்தை எடுத்துப் பார்த்தேன். கல்யாணமான வருஷம் இதே ஸ்டூடியோவில் எடுத்தது. ஆசைக்கு எத்தனையோ தரம் துடைத்துத் துடைத்து வர்ணம் மாற்றியிருக்கிறேன். ஒருமுறை பச்சைப் புடவை, ஒருமுறை அரக்கு. முகத்துக்கும் அப்படித்தான், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் ரோஜா. இப்போது அவளுடைய சொந்த நிறம் என்ன என்று எனக்கே நிச்சயமில்லை. கழுத்துக்குக் கீழே வியர்க்குரு வரும். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மார்ச் 11, வெள்ளி

நாள் முழுதும் வர்ணம். வேறு ஆர்டர் எதையும் தொடவில்லை. தோட்டத்துப் பெண்ணின் சங்கிலிகூடக் காத்திருக்கிறது.

தண்ணீருக்கு வெளிர்ப் பச்சை. புகைக்கு ஓரத்தில் மட்டும் மஞ்சள், நடுவில் ஊதா. பஞ்சை மிக லேசாக ஓட்ட வேண்டும், அழுத்தினால் புகை சேறாகிவிடும். அவள் சட்டைக்கு நீலம். தலைமுடியைத் தொடவே இல்லை, அது ஏற்கெனவே சரியாக இருந்தது.

பிள்ளைக்கு என்ன நிறச் சட்டை போடுவது என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் மஞ்சள். பசாரில் வாசலுக்கு வாசல் தொங்குகிறதே அந்தச் சின்ன மஞ்சள் கவுன், தையல் இங்கே இருந்தால் நான் வாங்கக்கூடியது. கன்னத்துக்கு ரோஜா. உதட்டுக்கு அதையே ஒரு சொட்டு கூட்டி. பாதம் தையலின் பாதத்தைவிடப் பெரிதா சிறிதா தெரியவில்லை. தாயின் விரல்களுக்கு நடுவே கட்டைவிரல் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதற்கும் கொஞ்சம் ரோஜா. பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே செய்தேன் போலிருக்கிறது, எதிர்க்கடை வாட்சுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

முடிக்கும்போது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டேன். நம் பிள்ளைகள் படம் எது வந்தாலும் வைக்கிற வழக்கம். கை தானாகப் போயிற்று. வைத்த பிறகுதான் இது சீனப் பிள்ளையாயிற்றே என்று உறைத்தது. துடைக்க மனம் வரவில்லை. இவ்வளவு அழகான பிள்ளை ஜன்னலில் இருக்கப் போகிறது, தெருவில் போகிறவன் கண்ணெல்லாம் படும். இருக்கட்டும்.

வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்த நாள். அதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12, சனி

எழுதக் கை ஓடவில்லை.

காலையில் த. படத்தை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்தார். "பாகுஸ், பாகுஸ், நல்லா இருக்கு" என்றார் முதலில். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையின் கன்னத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இந்தக் கறுப்பு என்னா? அழுக்கா?"

எங்கள் வழக்கம் என்றேன். கண் படாமல் இருக்க, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க.

அவர் உள்ளே போய்ப் பார்சலில் வந்த சின்னப் படத்தை எடுத்து வந்தார். பின்புறம் ஒட்டிய காகிதத்தில் சீன எழுத்து. அதில் விரலை வைத்து, மலாயில் தொடங்கி, மெதுவாக: "புடாக் இனி சுடா மாத்தி, கதிர். இந்தப் பிள்ளை செத்துப்போச்சு. ராத்திரி குண்டுல. அம்மா தூக்கிட்டு ஆத்துக்கு வந்திருக்கு. கீழ போட மாட்டேன்னு காலை வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கு. இங்க எழுதியிருக்கு."

மஞ்சள் கவுன். ரோஜாக் கன்னம். ஒன்றும் ஆகாமலிருக்கப் பொட்டு.

நான் என்ன இந்த வேலைக்குப் புதியவனா? மாசத்துக்கு இரண்டு பேராவது செத்தவர் படத்தோடு வருவார்கள். மூடிய கண்ணைத் திறந்து வரைந்து, மாலை போட வசதியாகப் பெரிதாக்கிக் கொடுக்கிறவன் நான். சாவு முகம் எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை தூங்குகிறது என்று நினைக்க எனக்கு ஆசை, அதனால் தூங்கியது.

த. திட்டவில்லை. படத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். டர்ப்பன்டைன் எடுத்து நானே துடைக்கப் போனேன். திருப்பினேன். மறுபடியும் அந்த வெளிச்சம், அந்தக் கை. தெரிந்த பிறகும் அழகாகத்தான் இருக்கிறது. முன்னைவிட அதிகம்கூட. என்ன மனிதன் நான்?

துடைக்கவில்லை. பாட்டிலை மூடி வைத்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

ஸ்டூடியோவில் கூட்டம். ஒரு குழந்தை படத்துக்கு வந்தது. வேண்டாம், ஜுரம் மாதிரி இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு ஜுரமே இல்லை.

மாமியார் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. ஆயுசு குறையும். சிரித்தவன் நான், மூடத்தனம் என்று எழுதியவன் நான். இப்போது தையலை மாயவரத்தில் நாற்காலிமேல் உட்கார வைத்து எவனோ கறுப்புத் துணிக்குள் தலையை விடுகிற காட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

அக்காவிடம் போய், படம் எடுக்க வேண்டாம் என்று தந்தி அடிக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டது.

"கூறு இருக்கா ஒனக்கு? தந்திக்காரன் வாசல்ல வந்து நின்னாலே ஒம் பொண்டாட்டி தாலியக் கழட்டி வெச்சிட்டு அழ ஆரம்பிச்சிருவா. என்னா எழுதியிருக்குன்னு யாரு படிச்சுப் பாக்கப் போறா?"

அதுவும் சரி. தந்தி என்றால் எங்கள் ஊரில் சாவு ஒன்றுதான்.

"அப்ப என்னாதாங்க்கா செய்யுறது?"

"காயிதம் போடு. போய்ச் சேர்றப்ப சேரட்டும். அந்தம்மாவ எவ்வளவு ஏசுன! இப்ப நீயே வந்து நிக்கிற பாரு. மாரியாத்தாளுக்கு ஒரு ரூபா முடிஞ்சு வையி."

கடிதம் போட்டேன். "இப்போதைக்குப் படம் வேண்டாம், மாமி சொல்வதே சரி." காரணம் எழுதவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயும் முடிந்து வைத்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மார்ச் 16, புதன்

இரண்டு நாளாகச் சாயந்தர மழை. தெரு கழுவிவிட்ட மாதிரி சுத்தம்.

படம் ஜன்னலுக்குப் போய்விட்டது. பொட்டோடு. நான் கேட்டுப் பார்த்தேன், வேறு ஒன்று வர்ணமில்லாமல் போட்டுத் தருகிறேன் என்று. த. தலையாட்டிவிட்டு மாடியைக் காட்டினார். அவர் மனைவி கடைக்கு இறங்கி வருவதே அபூர்வம். நேற்று வந்து படத்தின் முன் வெகுநேரம் நின்றதாம். பொட்டு என்னவென்று கேட்டு, இவர் சொன்னதும், "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டதாம். ஏன் என்று இவருக்கும் தெரியவில்லை.

வாசலில் எப்போதும் ஆள். ரிக்‌ஷாக்காரர்கள், கறுப்புச் சிலுவார்க் கால்சட்டை போட்ட சீன ஆயாக்கள். ஒரு ஆயா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். உண்டியலில் காசு விழுகிற சத்தம் உள்ளே வரை கேட்கிறது.

மத்தியானம் கண்ணாடி போட்ட ஒரு சீன இளைஞன். கடைக்குள் வந்து த.விடம் கத்திவிட்டுப் போனான். என்ன என்று கேட்டேன். த. சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்: "செத்த பிள்ளைக்கு ஏன் பவுடர் பூசுறீங்க, கொன்னவனுக்குச் சௌகரியமா இருக்கவான்னு கேக்குறான்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆயா அழுததிலும் தப்பு ஒன்றுமில்லை. வர்ணம் இல்லாவிட்டால் அவள் நின்றிருப்பாளா? எனக்குத் தெரியவில்லை. பவுடர் என்ற சொல் மட்டும் நாள் முழுதும் குத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 20, ஞாயிறு

பத்து பெரண்டாம் தம்பதி படம் வாங்க வந்தார்கள். சங்கிலி இரண்டு வடமும் பளிச்சென்று விழுந்திருந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்து, "ஏது இது?" என்றான். "தவுக்கே கடைச் சங்கிலி" என்று நான் சொல்லி வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே போகும்போது அவள் ஜன்னல் முன்னால் நின்றுவிட்டாள். நான் கதவருகே இருந்தேன்.

"இங்க பாரேன். நம்ம புள்ள."

"சீனப் புள்ளடி. அம்மாக்காரியப் பாத்தா தெரியல?"

"பொட்டு வெச்சிருக்கே."

"வெச்சா? சீனப் புள்ளதான். சண்டையில செத்த புள்ளன்னு சொல்லிக்கிறாங்க."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து உண்டியலில் காசு போட்டாள். "யாரு வெச்சாங்களோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் புருஷன் பின்னால் பஸ்ஸுக்கு ஓடினாள்.

உள்ளே வந்து தூரிகைகளைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியவைதான்.

மார்ச் 25, வெள்ளி

தபால் இல்லை. கப்பல் வந்துவிட்டது என்று தபால் ஆபீஸ் மணியம் சொல்கிறார், பை பிரிக்கவில்லையாம்.

கடையில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளையின் புருவம் இடப்பக்கம் கொஞ்சம் அடர்த்தி. மேலுதட்டில் ஒரு சின்ன மேடு. காது மடல் வெளியே மடிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைவேன். தையலின் காது எப்படி? கோமதிக்குக் காது சின்னது. எனக்கு விரிந்த காது. யாரைக் கொண்டிருக்கிறாள்? ஒரு கடிதத்திலாவது இதையெல்லாம் எழுதுகிறார்களா? "பிள்ளை சௌக்கியம்." அவ்வளவுதான். சௌக்கியம் என்ற சொல்லுக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை.

கோமதி, வந்துவிடேன். இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அறையில் ஒரு பாய்தான் இருக்கிறது, இன்னொன்று வாங்குகிறேன்.

சட்டை இன்னும் தைக்கவில்லை.

ஏப்ரல் 2, சனி

மழை. கடைக்கு ஆளே இல்லை. பதினொரு மணி வாக்கில் தபால்.

மச்சான் கையெழுத்து. அட்டை வைத்துத் தடிப்பாக இருந்தது. என் இரண்டாவது கடிதம் போய்ச் சேரும் முன்பே எடுத்து அனுப்பிவிட்டார்கள். முதலில் கடிதத்தைத்தான் படித்தேன், படத்தைத் தொடப் பயம். எல்லாரும் சௌக்கியம். பிள்ளை சௌக்கியம். "அத்தான் கோபப்பட்டதால் அம்மாவைச் சமாதானப்படுத்தி மாயவரம் போய் எடுத்தோம். பிள்ளை ஓரிடத்தில் இருக்கவில்லை, படக்காரர் கோபித்துக்கொண்டார்."

பிறகு அட்டையைப் பிரித்தேன்.

பூந்தொட்டி வரைந்த திரை. ஓரத்தில் கோமதி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. இளைத்திருக்கிறாள். நேராக என்னைப் பார்க்கிறாள். இந்த முகத்தை இனி வர்ணத்தால் தொட மாட்டேன். நாற்காலிமேல் தையல். கவுனில் ஒவ்வொரு மடிப்பும் தெளிவு. கொலுசு தெளிவு. குட்டிக் கை, மூடிய விரல்கள் தெளிவு. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. வெள்ளையாக ஒரு தீற்றல். படம் விழுகிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறாள்.

வந்த கோபத்துக்கு அளவில்லை. மாயவரத்துப் படக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு கிலுகிலுப்பை ஆட்டத் தெரியாதா? இன்னொரு பிளேட் போட்டால் குடி முழுகிவிடுமா? த. வந்து பார்த்துவிட்டு, எனக்குக் காப்பி வாங்கி வரப் போனார், மழையில்.

மத்தியானம் அக்காவிடம் காட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்து, வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து: "மூஞ்சியே காணுமேப்பா."

"ஆமாக்கா."

"அதுக்கு ஏன் கண்ணக் கசக்குற? ஊருக்கெல்லாம் வரையிற. ஒம் புள்ளைக்கு ஒரு மூஞ்சி வரைஞ்சுக்கவேன்."

கடைக்குத் திரும்பி, வெளிச்சத்தில் மேசையைப் போட்டேன். வெள்ளை கரைத்தேன், பழுப்பு கரைத்தேன், மிக மெல்லிய தூரிகையாக எடுத்தேன். கோமதியின் காது, என் நெற்றி என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். முதலில் இடப் புருவம். ஒரே இழுப்பில் விழுந்தது, கொஞ்சம் அடர்த்தியாக.

எந்தப் புருவம் அது என்று தெரிந்துபோயிற்று. என் கைக்குத் தெரிந்த பிள்ளை முகம் ஒன்றே ஒன்றுதான்.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். சுத்தமாகப் போகிற வரைக்கும் துடைத்தேன். தீற்றல் மறுபடி தீற்றலாயிற்று. ஜன்னலில் இருக்கிற அந்தப் பிள்ளை எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது! இமை மயிர் எண்ணலாம். அது அசையவே இல்லை.

இவள் அசைந்திருக்கிறாள். அம்மா சொல்லி, மாமா சொல்லி, படக்காரன் அதட்டியும் கேட்காமல் ஆடியிருக்கிறாள்.

ஆடு, தையல். ஆடு, அம்மா.